கோடு விழாத தட்டு

வேண்டாம், சவரிமுத்து மேல் புகார் எழுதாதே. அவர் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. கவர் வந்த அன்றைக்கே, காலை பத்தரை மணிக்கு, லேப் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "பாய், மெட்ராஸ்லேருந்து உங்க பொண்ணு பேருக்கு வந்திருக்கு, நல்ல சேதின்னா மிட்டாய் உண்டுல்ல?" என்று கேட்டு என் கையில்தான் கொடுத்தார். வீடு வரைக்கும் சந்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டாமே என்று நம் வீட்டுத் தபாலை லேபிலேயே தருவது அவர் வழக்கம். அதை நீ பதினோரு நாள் கழித்துத்தான் பார்த்தாய். அந்தப் பதினோரு நாளும் அது லேபில், ஃபில்டர் பேப்பர் டப்பாவுக்கு அடியில் இருந்தது. கவரின் பின்பக்கம் நம்மூர்த் தபாலாபீஸ் போட்ட தேதி முத்திரை கலைந்திருக்கிறது, தன் சோம்பலை மறைக்க அவரே அழித்திருப்பார் என்று எழுதியிருக்கிறாய். அதையும் அவர் செய்யவில்லை. விரலை எச்சில் தொட்டு நான் தேய்த்தேன்.

மெட்ராஸிலிருந்து உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது, நசீமா. எம்.எஸ்ஸி. சீட்டை அடுத்த பெயருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றும், தபாலில்தான் தாமதம் என்று தபாலாபீஸ் எழுதிக் கொடுத்தால் வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி யோசிக்கலாம் என்று அந்தப் பேராசிரியை அம்மா சொன்னார் என்றும் எழுதியிருக்கிறாய். "புகார் எழுதட்டுமா அத்தா?" என்று கேட்டிருக்கிறாய். என்னைப் போய்க் கேட்டாயே! கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே, கவரை மறைத்து வைத்தது நான்தான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். உன் மாமா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமலே, "இதுல என்ன இருக்கு மச்சான்? பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் தனியா அனுப்ப மனசு வரல. பெத்தவனுக்கு இருக்காதா? நானா இருந்தா கிழிச்சே போட்டிருப்பேன்" என்றார். உன் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினேன். பள்ளிவாசல் தெருவில் இனி நான் மானமுள்ள தகப்பன். அது பொய். நீ பெண் என்பதற்கும் நான் கவரை மறைத்ததற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு உன் மேல் பொறாமை. அவ்வளவுதான். இதை எந்த வீட்டிலும் எந்தத் தகப்பனும் எழுதியிருக்க மாட்டான், எழுதுகிறவனைப் பைத்தியம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இந்த வியாதி உன்னால் வந்தது என்று நினைக்காதே. எனக்கு இது பழசு. உனக்கு இப்போது இருக்கிற வயதில் எனக்கு நீ பிறந்தாகிவிட்டது. அதற்கு முன்பே காலேஜை விட்டிருந்தேன். இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம். எட்டுப் பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப். என் முறை வந்ததும் வாத்தியார் என்னை விலக்கிவிட்டு, அழகாகப் படம் வரைகிற ஒருவனை உட்கார வைத்தார். "நீ பாத்து என்னப்பா வரையப்போற, எட்டுக்கால் பூச்சியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நோட்டை மேஜையிலேயே போட்டுவிட்டு வெளியே வந்தவன்தான், மறுபடி அந்தப் படியை மிதிக்கவில்லை. யாரும் என்னைத் துரத்தவில்லை, சம்பளம் கட்ட முடியாமல் நிற்கவில்லை. கோபம், வேறொன்றுமில்லை. அப்புறம் பாலக்கரையில் சைக்கிள் கடை, மண்ணச்சநல்லூரில் அரிசி மில், முசிறி பஸ்ஸில் நாற்பது நாள் கண்டக்டர். எங்கேயும் என் கால் நிற்காது. தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு டாக்டர் சொந்தமாக லேப் வைத்திருந்தார். அங்கே வேலை கிடைத்தது என் படிப்புக்காக என்று உன்னிடம் பெருமை அடித்திருக்கிறேன். என் தாய்மாமா ஆடு அறுக்கிற தொட்டியில் வேலை பார்த்தார். கிருமி வளர்க்க ஆட்டு ரத்தம் தினமும் புதுசாக வேண்டும். அந்த ரத்தத்துக்காகத்தான் என்னை எடுத்தார்கள்.

அங்கே எனக்கு முன்னால் ரங்கராஜன் இருந்தான். ஸ்ரீரங்கத்திலிருந்து காலையில் காவிரிப் பாலத்தைத் தாண்டி சைக்கிளில் வருவான். நெற்றியில் திருமண் கலையாமல் இருக்கும், சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கும். பி.எஸ்ஸி. என்னைவிட ஒரே ஒரு வயது பெரியவன். நான் கூஜாவில் ரத்தத்தோடு வந்தால், "பாய், மூடி போட்டுக் கொண்டாங்கோ, நான் இன்னும் காப்பியே சாப்பிடலை" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். "ஐயங்காரே, இதுல வளர்ற கிருமியைத்தானே நாள் முழுக்கக் கண்ணை இடுக்கிப் பாக்குறீங்க? அது மட்டும் சைவமா?" என்பேன். சிரிப்பான். அவனுக்குக் கோபமே வராது. அது எனக்கு இன்னும் எரியும். மைக்ராஸ்கோப் முன்னால் ஒரே ஒரு முக்காலி, அது அவனுடையது. டாக்டர் உள்ளே வந்தால் அவன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். எனக்கு ஒரு விரல் சொடுக்கு. அவன் எழுதும் ரிப்போர்ட்டின் கையெழுத்து எனக்குப் பொறாமை, அவன் கைக்கடிகாரம் பொறாமை, அவன் தப்பு செய்தால்கூட டாக்டர் "பரவாயில்லை" என்பது பொறாமை. ஆள் கெட்டவனாக இருந்திருந்தால் நான் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

தொண்டை அடைப்பானுக்கு, அதான் டிப்தீரியாவுக்கு, ஒரு புது டெஸ்ட்டைக் கற்றுக்கொண்டு வர அவனைத்தான் டாக்டர் மெட்ராஸுக்கு மூன்று மாதம் அனுப்பினார். அந்த டெஸ்ட் உனக்கு மனப்பாடம். ஆனாலும் நான் அதை எப்படிப் பார்த்தேன் என்பதைச் சொல்கிறேன். தொண்டை அடைப்பான் கிருமியில் கொல்கிறதும் உண்டு, சும்மா இருக்கிறதும் உண்டு. மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒரே மாதிரி, தீக்குச்சியைக் கலைத்துப் போட்டது போல. எது எது என்று தெரிய முன்பெல்லாம் இரண்டு கினிப்பன்றிக்கு ஊசி போட்டுவிட்டு எது சாகிறது என்று காத்திருப்போம். புது டெஸ்ட்டில் பன்றி வேண்டாம். கண்ணாடித் தட்டில் ஜெல்லி ஊற்றி, விஷமுறிவு மருந்தில் நனைத்த ஒரு காகிதப் பட்டையை அதில் பதிக்க வேண்டும். குறுக்கே கிருமியைக் கோடாகத் தேய்க்க வேண்டும். கிருமி விஷம் கக்கினால் அந்த விஷமும் முறிவும் ஜெல்லிக்குள் சந்திக்கிற இடத்தில் இரண்டு நாளில் முடி போல ஒரு வெள்ளைக் கோடு விழும். கோடு விழாவிட்டால் சாது. ஒரு நிபந்தனை உண்டு. எந்தத் தட்டானாலும், தெரியாத கிருமிக்குப் பக்கத்தில், கொல்லும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒன்றையும் தேய்க்க வேண்டும். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். கண்ட்ரோலுக்கே கோடு விழாவிட்டால் தட்டு பொய் சொல்கிறது என்று அர்த்தம். அந்தத் தெரிந்த கிருமி, நல்ல கண்ணாடிக் குடுவைகள் எல்லாம் ரங்கராஜனின் அலமாரியில் இருக்கும். சாவி அவன் அரைஞாணில்.

நயா பைசா வருவதற்கு முந்திய வருஷம், மார்கழி. உனக்கு ஆறு வயது. பக்கத்து வீட்டுப் பாட்சா பாய் மகள் ஜமீலாவுக்குத் தொண்டை வலி வந்து சரியாகியிருந்தது. லேசாகத்தான் வந்தது. ஆனால் கிருமி தொண்டையில் தங்கியிருக்கலாம், டெஸ்ட் பார்க்கும் வரை மற்றப் பிள்ளைகளோடு விடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டு மருங்காபுரிப் பக்கம் முகாமுக்குப் போய்விட்டார். ரங்கராஜன் வைகுண்ட ஏகாதசி லீவில் இருந்தான். பாட்சா பாய் வீட்டில் நாலு நாளில் நிக்காஹ். செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுகிற மனிதர், நாள் முழுக்கச் சக்கரத்து முன்னால் குனிந்து குனிந்து முதுகே வளைந்திருக்கும். அந்த முதுகோடு நம் வாசலில் வந்து நின்று, "தம்பி, புள்ளைய மாடி ரூம்ல அடைச்சு வச்சிருக்கேன், கதவைப் பிராண்டுறா. நீங்கதான் லேப்ல இருக்கீங்களே, அந்த டெஸ்ட்ட நீங்களே பாத்துடக் கூடாதா?" என்றார். நீங்களே! அந்த ஒரு வார்த்தைக்காக நான் அன்றைக்கு எதையும் செய்திருப்பேன்.

பாலம் தாண்டினால் ஸ்ரீரங்கம். சைக்கிளில் அரை மணி நேரம். போய்ச் சாவி கேட்டிருந்தால் தந்திருப்பான். கேட்கவில்லை. கேட்டால் அது அவன் டெஸ்ட் ஆகிவிடும். அவன் வருவதற்குள் நானே செய்து, தட்டை டாக்டர் மேஜையில் வைத்துவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு. கண்ட்ரோல் இல்லாவிட்டால் என்ன, கோடு விழுகிறதா இல்லையா என்று பார்க்க எனக்குக் கண் இல்லையா? கண்ணாடிக் குடுவை பூட்டிக் கிடந்தது. உன் அம்மாவின் இரும்புச் சட்டியை வாங்கிக்கொண்டு போனேன். "கறி வறுக்கிற சட்டி எதுக்குங்க?" என்றாள். "கறிதான் வேக வைக்கப் போறேன்" என்றேன். இறைச்சிச் சாற்றை அதில் வைத்து ஒரு மணி நேரம் கொதிக்க விட்டேன். கொஞ்சம் கறுத்து இறங்கியது. சத்து நன்றாக இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதில் ஜெல்லி செய்து தட்டில் ஊற்றி, ஜமீலாவின் தொண்டையிலிருந்து எடுத்த கிருமியைத் தேய்த்தேன். இரண்டு நாளும் அந்தத் தட்டை மணிக்கொரு தரம் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். கிருமி செழிப்பாக வளர்ந்திருந்தது. கோடு இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் ஜமீலா கால் பங்குகூட இல்லை, நசீமா. முக்காலியில் உட்கார்ந்து பார்த்த சந்தோஷம் அது. பாட்சா பாயிடம் போய், "கிருமி இருக்கு, ஆனா பல்லு இல்லாதது. தாராளமா விடுங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று மத்தியானமே ஜமீலா நம் வீட்டுக்கு வந்தாள். நீயும் அவளும் ஒரே தட்டில் தேங்காய்ச் சோறு சாப்பிட்டீர்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் காலையில் ரங்கராஜன் வந்தான். தட்டைப் பார்த்தான். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தான்.

"கண்ட்ரோல் எங்கே பாய்?"

"எதுக்கு? அதான் சுத்தமா இருக்கே."

"கண்ட்ரோல் இல்லாம சுத்தமா அசுத்தமான்னு எப்படிச் சொல்றது? சாவி வேணும்னா ஆத்துக்கு வந்திருக்கலாமே."

"நீங்க பெருமாள் சேவையில இருந்தீங்க. தொந்தரவு வேண்டாம்னு பாத்தேன்."

"யாருக்கும் சொல்லிடலையே?"

நான் கூஜாவை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து, அவன் குடுவையில் அவனே காய்ச்சி, அதே ஜமீலாவின் கிருமியைக் கண்ட்ரோலோடு சேர்த்துப் புதுத் தட்டில் தேய்த்தான். இரண்டாம் நாள் காலையில் அதில் இரண்டு கோடு. கண்ட்ரோலுக்கு ஒன்று, ஜமீலாவுக்கு ஒன்று. என் தட்டையும் பக்கத்தில் வைத்தான். ஒரே கிருமி. என்னுடையதில் ஒன்றுமில்லை. அப்போது நீ வீட்டில் காய்ச்சலில் படுத்திருந்தாய். சளி என்று நினைத்திருந்தேன்.

உன் கழுத்துக் குழியில் இருக்கிற தழும்பு, கிணற்றடியில் ஓட்டுச்சில் மேல் விழுந்தது என்று சொல்லி வளர்த்தோம். அது டாக்டர் கத்தியால் போட்ட துளை. உனக்கு மூச்சு உள்ளே போகவில்லை. உதடு நாவற்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. முகாமிலிருந்து அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார் டாக்டர், அது உன் ஆயுசு. லேபில் நான் தட்டுத் தேய்த்த அதே மேஜை மேல் உன்னைப் படுக்க வைத்துக் கழுத்தைத் துளைத்து வெள்ளிக் குழாய் வைத்தார். விஷமுறிவு மருந்து போதவில்லை. ரங்கராஜன் பெரிய ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில் பறந்துபோய் யார் காலையோ பிடித்து நாலு குப்பி வாங்கிக்கொண்டு வந்தான். ரத்தத்தைக் கண்டால் முகம் திருப்புகிறவன், உன் ரத்தம் சட்டையெல்லாம் தெறிக்க உன் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு நின்றான். உன்னைப் பெற்ற நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அந்த நேரத்திலும் மனதில் ஒரு மூலையில், இதையும் அவனே செய்கிறானே என்று ஓடியது. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிவிட்டேன்.

டாக்டர், "புள்ளைக்கு எங்கேருந்து வந்தது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ரங்கராஜன், "பக்கத்து ஆத்துக் குழந்தைக்கு இருந்தது டாக்டர். கல்யாண வீடு, தடுக்க முடியலை" என்றான். என் தட்டை அவன் முன்னமே கொதிநீரில் போட்டு அழித்திருந்தான். அந்தத் தட்டைப் பற்றி அதற்கப்புறம் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு வருஷம் கழித்து மேல்படிப்புக்கு டில்லி போகும்போது, "பாய், உம்ம கை நல்ல கை. பிரைவேட்டா பரீட்சை எழுதுமேன். நான் புஸ்தகம் அனுப்பறேன்" என்றான். "உங்க பிச்சை வேண்டாம்" என்றேன். அவன் முகம் சுருங்கியது நினைவிருக்கிறது. எனக்கு அன்று அது இனித்தது. உன் அம்மா பாட்சா பாய் வீட்டோடு பேச்சை அறுத்துக்கொண்டாள், "தெரிஞ்சே அனுப்புனவங்க" என்று. அவர்கள் என் வாக்கை நம்பி அனுப்பினார்கள் என்பதை நான் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. பாட்சா பாயும் சொல்லவில்லை. வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு உறையூர்ப் பக்கம் போனார். அந்த மனிதருக்கு என்ன ரோஷம் பார்.

பதின்மூன்று வருஷம் எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். ஒரே கிருமி, இரண்டு தட்டு. அவன் தட்டில் ஏன் கோடு விழுந்தது, என் தட்டில் ஏன் விழவில்லை? யாரைக் கேட்பது? கேட்டால் கதையைச் சொல்ல வேண்டும். அவன் கை ராசி என்று ஒரு நாள் நினைப்பேன், வேண்டுமென்றே ஏதாவது செய்தானோ என்று ஒரு நாள் நினைப்பேன். அவ்வளவு கேவலமாகவும் நினைத்திருக்கிறேன். இந்தச் சித்திரையில், உன் பரீட்சை முடிந்த மறுநாள், அடுப்படியில் நீ மாங்காய் நறுக்கிக்கொண்டு பேசினாயே, நினைவிருக்கிறதா? உனக்கு அது சும்மா பேச்சு.

"அத்தா, தொண்டை அடைப்பான் கிருமிக்குச் சொந்தமா விஷமே கிடையாது, தெரியுமா? ஒரு வைரஸ் அதுக்குள்ள குடியேறுது. வர்றப்ப விஷம் செய்யுற ஜீனையும் கொண்டாந்துடுது. அந்த ஜீன் வந்தப்புறம்தான் அது கொலைகாரக் கிருமி."

"வைரஸ் வராத கிருமி?"

"அது பாட்டுக்குத் தொண்டையில உக்காந்திருக்கும். நம்ம மாமா மாதிரி. சாப்பிடும், தூங்கும்."

"சோத்துல கை வைக்கிற எடத்துல என்னடி கிருமி, விஷம்னு?" என்று உன் அம்மா கரண்டியை ஓங்கினாள்.

நான் விடவில்லை. "அப்ப ஜீன் இருந்தா கட்டாயம் விஷம் வரும்?"

"அதான் இல்ல. இருந்தாலும் எப்பவும் வேலை செய்யாது. இரும்பு நெறைய கிடைச்சா ஜீன் வாயை மூடிக்கும். நம்ம உடம்புக்குள்ள கிருமிக்கு இரும்பு லேசுல கிடைக்காதுல்ல? அந்தப் பஞ்சத்துலதான் விஷத்தைக் கக்கும். அதனால மீடியம் காய்ச்சுறப்ப இரும்பு கிட்டவே வரக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்க. எவனாவது இரும்புச் சட்டியில காய்ச்சுனான்னு வைங்க, கிருமி கொழுகொழுன்னு வளரும், கோடு மட்டும் விழாது. கொலைகாரனை சாதுன்னு சொல்லிடுவான், முட்டாப் பய." நீ சிரித்தாய். மாங்காய்த் துண்டை உப்பில் தோய்த்து என்னிடம் நீட்டினாய்.

அந்தச் சட்டி அப்போது உன் தலைக்கு மேல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாங்காயை வாங்கித் தின்றேன். பதில் கிடைத்துவிட்டது. நான் அழுதிருக்க வேண்டும், அல்லது உன் கழுத்தைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? இவளுக்கு இது எவ்வளவு சுலபமாகக் கிடைத்தது என்ற ஆத்திரம். என் பிள்ளையின் தொண்டையைத் துளைத்து நான் வாங்கிய கேள்விக்கு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரத்தில் நீ பதில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாய். "மேடம் சொன்னாங்க" என்றாய். சின்னப் பிள்ளையில் எதற்கெடுத்தாலும் "எங்கத்தா சொன்னாங்க" என்பாய். லேபுக்கு வந்து நான் கையைப் பிடித்துக் காட்டித்தான் நீ முதன்முதலில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாய். இப்போது எனக்குத் தெரியாததைத் தெரிந்துகொண்டு, எனக்குப் புரியும்படி இறக்கிச் சொல்கிறாய். அன்றிலிருந்து உன் நோட்டுகளை நீ இல்லாதபோது எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். உன் படங்களைப் பார்த்தேன். எட்டுக்கால் பூச்சி ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் கவர் வந்தது. பிரித்தேன். 'தமிழ்நாடு' என்று புதுப் பெயர் அச்சடித்த தாள், நடுவில் உன் பெயர். எந்தப் படிப்பு என்று படித்தேன்: பாக்டீரியாலஜி. ஒரே ஒரு நாள் இதை நான் மட்டும் தெரிந்து வைத்திருக்கிறேன் என்று டப்பாவுக்கு அடியில் வைத்தேன். சாயங்காலம் வீட்டில் நீ, "இன்னைக்கும் ஒண்ணும் வரலையா அத்தா?" என்றாய். "வரலை" என்றேன். மறுநாளும் கேட்டாய். நீ கேட்கக் கேட்க எனக்குள் ஏதோ ஒன்று கொழுத்தது. ஐந்தாம் நாள் பயம் வந்தது. இப்போது கொடுத்தால் ஏன் தாமதம் என்று கேட்பாயே என்று இன்னும் ஆறு நாள் வைத்திருந்தேன். கடைசியில் பசையை ஈரப்படுத்தி ஒட்டி, முத்திரையைத் தேய்த்து, நானே வீட்டு வாசல்படியில் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். நீ அதை எடுத்துக்கொண்டு கத்தியபோது நானும் ஆச்சரியப்பட்டேன். எவ்வளவு நன்றாக நடித்தேன் என்று உனக்கே தெரியும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள். அங்கே உன்னைவிட நன்றாகச் செய்கிறவள் ஒருத்தி இருப்பாள். கட்டாயம் இருப்பாள். அவளிடம் கேட்க வேண்டியதை அன்றைக்கே கேட்டுவிடு. வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடு கேள். கண்ட்ரோல் இல்லாமல் எதையும் தேய்க்காதே, அவசரம் என்று யார் வாசலில் வந்து கெஞ்சினாலும். இன்னொன்று: பொறாமை என்பது வயிறு எரிவது போல வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். எனக்கு ஒரு தரம்கூட அப்படி வந்ததில்லை. எனக்கு அது எப்போதும் தைரியம் போலத்தான் வந்தது, நானே செய்வேன் என்று.

தபாலாபீஸ் எழுதிக் கொடுத்தால் சீட்டு கிடைக்கலாம். சவரிமுத்துவுக்கு வேலை போகலாம், அவருக்கு நாலு பெண். உனக்கு இது தெரிந்தபிறகு நீ அந்தக் காகிதத்தைக் கேட்க மாட்டாய். அப்படியானால் சீட்டு என் கையால் போனதாகிவிடும். அதனால் நான் வருகிறேன். காலையில் லேபுக்குப் போய் லீவு எழுதிக் கொடுத்தேன். சவரிமுத்து வீட்டுக்குப் போய், கவர் கொடுத்த தேதி, கொடுத்த நேரம், வாங்கியவன் நான் என்று என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி அவரிடம் கொடுத்தேன். "என்ன பாய் இது, எனக்கு எதுக்கு?" என்று முழித்தார். "வச்சுக்கங்க" என்றேன். இன்னொரு பிரதி என் சட்டைப் பையில். திருவல்லிக்கேணியில் உன் சின்னம்மா வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்பேன். வாயால் சொல்ல எனக்கு வராது. நீ படித்துவிட்டு வெளியே வந்தால் சேர்ந்து போவோம். வராவிட்டால் நான் மட்டும் அந்தப் பேராசிரியை அம்மாவைப் போய்ப் பார்ப்பேன்.

அவர் கேட்பார்: பெண்ணை வெளியூர் அனுப்ப இஷ்டமில்லையா? ஆமாம் என்றால் அவருக்குப் புரிந்துவிடும், இரக்கப்பட்டு சீட்டைக்கூடத் திருப்பித் தந்துவிடலாம், தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்வார். நான் இல்லை என்றுதான் சொல்லப் போகிறேன். அம்மா, என் மகள் இந்தப் படிப்பில் எனக்குத் தெரியாததையெல்லாம் தெரிந்துகொண்டுவிட்டாள், அது எனக்குப் பொறுக்கவில்லை என்று சொல்வேன். அவள் எப்படிப்பட்டவள் என்பதற்கு என்னிடம் வேறு சர்டிபிகேட் இல்லை. வண்டிக்காரன் கூப்பிடுகிறான், பகல் ரயில் பத்து மணிக்கு. நான் போகணும்.